தள்ளுபடி வளையல்

தீபாவளிக்கு மறுநாள் ஈப்போவில் பாதிப் பேர் வெயில் ஏறிய பிறகும் எழுந்திருக்கமாட்டார்கள். முதல்நாள் தின்ற ஆட்டுக்கறியும் வந்துபோன விருந்தாளிகளும் சேர்ந்து ஆளை அடித்துப் போட்டிருக்கும். புனிதா மட்டும் அன்றைக்கென்று சீக்கிரம் குளித்துவிட்டு, பேரங்காடியின் கதவு திறக்கும் முன்பே டிராலியோடு வாசலில் நிற்பாள்.

பண்டிகைச் சாமான் பண்டிகை முடிந்தால் கடைக்காரனுக்குக் குப்பைதான். கண்ணாடி வளையல், குங்குமச் சிமிழ், பித்தளைத் தட்டு எல்லாவற்றிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கால் விலைக்குத் தள்ளிவிடுவான். அதை அள்ளிவந்து, சிலிபின் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக் கூடத்தில் பரப்பி, கீறல் விழுந்ததைக் கழித்து, டஜன் டஜனாகச் சிவப்பு நூலால் கட்டி வைப்பாள். தை பிறந்து கல்யாணமும் வளைகாப்பும் களைகட்டும்போது ஃபோனில் லைவ் போட்டு நல்ல விலைக்கு விற்பாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த தொழில் இல்லை, அவளே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது. தன் அண்ணன் பெண்டாட்டி தினேஸ்வரிக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் அவளேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

போன வருடம் புனிதாவின் புருஷன் மாரடைப்பில் போய்விட்டான். கருமகாரியம் முடிந்து, வாடகைக்கும் வயிற்றுக்கும் வழி வேண்டுமே என்று அவள் மறுபடி லைவுக்கு வந்த அதே வாரம், தினேஸ்வரி தன்னுடைய லைவில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்காமாரே, நல்ல காரியத்துக்கு வாங்குறீங்க. எந்தக் கை கட்டுன வளையல்னு பாத்து வாங்குங்க லா. நம்மகிட்ட எல்லாமே சுமங்கலி கை."

பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. சிலிபினிலிருந்து ஆயர் தாவார் வரை யாரைச் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் விளங்கியது. வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். அண்ணன் யுகேந்திரனிடம் கேட்டால், "அவ பொதுவாத்தான் சொன்னா, நீ ஏன் உனக்குன்னு எடுத்துக்கிற?" என்று நழுவினான். அன்றைக்கு ஃபோனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த லைவைப் பார்த்துக்கொண்டிருந்த புனிதா அழவில்லை. இவளை இவள் வாயாலேயே அடிக்கவேண்டும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

இந்தத் தீபாவளிக்கு அவள் வீட்டில் விளக்கும் இல்லை, பலகாரமும் இல்லை. துக்க வீட்டில் ஏது பண்டிகை? அதனால் கை ஓய்வாக இருந்தது, கோபம் ஓய்வில்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டு பதுருன்னிசாவின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு ஈப்போ, லகாட், ஆயர் தாவார் என்று கடை விடாமல் ஏறி இறங்கினாள். ஒரு வளையல்கூட மிச்சம் வைக்கவில்லை. எதிரி ஒழிந்தாள் என்ற நினைப்பில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து தினேஸ்வரி சாவகாசமாகக் கடைக்குப் போனபோது, வளையல் இருந்த தட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. அவளோ தை மாதத்துக்கு ஆர்டரை எல்லாம் முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்தாள்.

தவித்துப்போய் ஆன்லைனில் தேடியவள் கண்ணில் 'பி.என். டிரேடிங்' என்ற புதுக் கடை பட்டது. அது பதுருன்னிசா பெயரில் புனிதா திறந்தது. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பதுருன்னிசாவுக்குப் பேச்சுக்கா பஞ்சம்? ஃபோனை அவளே எடுத்தாள்.

"ஸ்டாக் இருக்கு லா, எவ்வளோ வேணும்? கட்டி, முடிச்சுப் போட்டே அனுப்புறோம். நீங்க அப்படியே வித்துக்கலாம்."

"சுத்தமான பாராங்தானே? சரக்க நல்ல கைதானே கட்டுது?"

"அதெல்லாம் ரொம்ப நல்ல கைதான் கட்டுது, கவலப்படாதீங்க!"

கட்டக் கட்ட எல்லாம் கூரியரில் போயின. தினேஸ்வரி அதே வளையலைக் கையில் பிடித்துக்கொண்டு, "சுமங்கலி கை, சுமங்கலி கை" என்று கூவிக் கூவி விற்றாள். இந்தப் பக்கம் புனிதா அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த டஜனைக் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டாள்.

"சீசன் முடியட்டும். கட்டுனது நான்தான்னு லைவ்ல போய் போட்டு உடைக்கிறேன்," என்றாள் ஒரு நாள் பதுருன்னிசாவின் கடையில்.

பதுருன்னிசா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "உடைச்சா? ஐயோ, தெரியாம இவ கட்டுனத வாங்கிட்டோமேன்னுதான் ஜனங்க கத்தும். உன் கை ஆகாதுன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் லா."

புனிதாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பேச்சு நாள் கணக்கில் அவளைக் குடைந்தது.

மாசி மாதம் தினேஸ்வரியின் மகள் லோஷினிக்கு வளைகாப்பு வைத்தார்கள். அம்மா கூப்பிடவில்லை, பெண்தான் கூப்பிட்டாள். "அத்த, நீங்க வரலன்னா நான் கைய நீட்ட மாட்டேன்." அந்தப் பெண்மேல் புனிதாவுக்கு ஒரு கோபமும் கிடையாது. வந்தாள்.

லகாட் மண்டபத்தில் மேடைக்கு எதிரே ஃபோனை நிறுத்தி லைவ் ஓடிக்கொண்டிருந்தது. மகளின் வளைகாப்பையே விளம்பரமாக்க தினேஸ்வரிக்குச் சொல்லித்தரவேண்டுமா? புனிதாவைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டியது.

"வா புனிதா. அந்தப் பின் வரிசையில உக்காரு. சடங்கு முடியட்டும், சாப்பிட்டுப் போலாம்."

புனிதா பின் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் சுமங்கலிகள் வரிசையாகப் போய்ச் சந்தனம் தடவி, குங்குமம் இட்டு, வளையல் அடுக்கினார்கள். தாம்பாளத்தில் குவிந்திருந்த சிவப்பும் பச்சையுமான அத்தனை கட்டும் தன் நூல், தன் முடிச்சு என்று அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. லோஷினியின் வலது கை முழங்கை வரை நிறைந்துவிட்டது. வளைகாப்பில் போட்ட வளையலைப் பிரசவம் வரைக்கும் கழற்றக்கூடாது. அது தெரியாத தமிழச்சி அந்த மண்டபத்தில் இல்லை.

இன்னொரு தாம்பாளம் எடுக்க தினேஸ்வரி மேடைக்குப் பின்னால் போனாள். புனிதாவும் எழுந்து போனாள்.

"அண்ணி, பி.என். டிரேடிங் யாருன்னு தெரியுமா?"

"எதுக்குக் கேக்குற?"

"நான்தான். நீங்க இந்த சீசன்ல வித்தது எல்லாம் நான் கட்டுனது. லோஷினி கையில இருக்கிறதும் நான் கட்டுனதுதான்."

தினேஸ்வரியின் முகத்தில் ரத்தம் வற்றியது. கண் மேடைப் பக்கம் ஓடித் திரும்பியது.

"வேணாம்னா கழட்டிடுங்க அண்ணி," என்றாள் புனிதா, வெகு மரியாதையாக. அந்தக் கணம் அவளுக்குப் பால்பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

"அடிப்பாவி, வயித்துல புள்ள இருக்கு! எப்படி லா கழட்டுவேன்?" தினேஸ்வரி ஓரடி நெருங்கி வந்தாள். "நீ... வயிறெரிஞ்சா கட்டுன?"

"ஆமா. ஒவ்வொரு முடிச்சும்."

தினேஸ்வரி சட்டென்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாக ஆகாத கை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது இந்தக் கையைத்தான். "என்மேல இருக்கிறத என் பொண்ணுமேல காட்டாத. நீயே ஒரு வளையல் போட்டு, நல்லா இருன்னு வாயால சொல்லிடு. இங்கயே கூட்டிட்டு வாரேன், யாருக்கும் தெரிய வேணாம்."

"இங்க இல்ல. அன்னிக்கு லைவ்லதான சொன்னீங்க? அங்க வச்சுக் கூப்பிடுங்க. உங்க வளையல் எல்லாம் யாரு கட்டுனதுன்னும் அங்கயே சொல்லுங்க."

"என் பொழப்பு போயிடும் புனிதா."

"என் பொழப்பு போச்சே அண்ணி."

மேடையில் யாரோ தாம்பாளம் எங்கே என்று சத்தம் போட்டார்கள். தினேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஃபோன் முன்னால் நின்றாள். புனிதாவும் பின்னாலேயே வந்து மேடை ஓரத்தில் நின்றாள்.

"இவங்க எங்க நாத்தனாரு, புனிதா..." நிறுத்தினாள். புனிதா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "நான் வித்த வளையல் எல்லாம்... இவங்க கையாலதான் கட்டுனது. நல்ல கை. என் பொண்ணுக்கு இவங்கதான் போடணும்னு... நான்தான் கூப்பிட்டேன்."

முன் வரிசைப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யுகேந்திரன் தரையைப் பார்த்தான். லோஷினி மட்டும் ஒன்றும் புரியாமல், "அத்த, சீக்கிரம் வாங்க!" என்று சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாள்.

புனிதா அவசரப்படவில்லை. கூட்டம் முழுக்கப் பார்க்கட்டும் என்று நடு மேடையில் நடந்து போனாள். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பச்சை வளையலை நோகாமல் ஏற்றினாள். "நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும், கண்ணு," என்றாள். அது மனசாரச் சொன்னது. பிள்ளைக்கு இல்லாத வாழ்த்து வேறு யாருக்கு?

இறங்கி ஃபோன் அருகே வந்து பார்த்தால், செய்திகள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. திட்டியவர்களும் இருந்தார்கள். போன மாதம் அந்த வளையல் போட்டவளுக்குச் சுகப்பிரசவம் ஆனதாக ஒருத்தி எழுதியிருந்தாள். இந்தப் பச்சை செட் இன்னும் இருக்கா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். தினேஸ்வரி பாய்ந்து வந்து லைவை நிறுத்தக் கை நீட்டினாள். புனிதா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு ஃபோனுக்கு நேராகக் குனிந்தாள்.

"அண்ணிகிட்ட ஸ்டாக் முடிஞ்சிடுச்சு லா. இனிமே அவங்களுக்கு நான் குடுக்கிறதா இல்ல. வேணும்னா நாளைக்கு என் லைவுக்கு வாங்க."