பத்தொன்பதாம் நாள்

அம்மாவின் தாடையைத் துணியால் உச்சந்தலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தஸ்னீமுக்குக் கண் இருட்டியது. துணியின் இரண்டு முனைகளையும் விடாமல் பிடித்தபடி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டு மெதுவாகத்தான் விலகியது. முதலில் அம்மாவின் மூக்கு தெரிந்தது. பிறகு ஜன்னல். பிறகு, கையில் டீ டம்ளரோடு நிற்கும் எதிர்வீட்டு மெர்லின்.

"இன்னாடி இப்டி வெளுத்துக்கீறே? மொதல்ல இத்த குடி."

"வேணாங்க்கா."

"நீயும் வுழுந்தீன்னா ரெண்டு பேரையும் சேத்து தூக்க எனக்கு முதுவு இல்ல. குடி."

மெர்லின் காசிமேட்டில் மீன் விற்பவள். அவள் பேசினால் ஏலம் முடிந்த மாதிரிதான், மறுபேச்சு கிடையாது. தஸ்னீம் குடித்தாள். சர்க்கரை மூன்று கரண்டியாவது இருக்கும். கடைசி மடக்கில்தான் இரவு சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

விடியற்காலை சுபுஹ் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள் அம்மா கமருன்னிசா. எழுபத்தொரு வயது. ஒரு காலத்தில் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து, தண்டையார்பேட்டையின் பாதிப் பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாதம் அடித்து வலப்பக்கமும் பேச்சும் போயின. அந்த வாரமே தஸ்னீம் கொரியர் ஆபீஸ் வேலையை விட்டு நின்றாள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பியவள் அவள். நாற்பத்து நாலு வயதில் அவளுக்கென்று இருந்தது இந்த ஹவுசிங் போர்டு வீடும் இந்தக் கட்டிலும்தான்.

மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வேண்டும். ஆனால் ஓத முடியாது. உதிரப்போக்கு இருக்கும்போது குர்ஆனை ஓதக்கூடாது, உயிர் பிரிகிறவர் பக்கத்தில் இருக்கவும் கூடாது என்று சின்ன வயதிலேயே கற்றிருந்தாள். ஃபோனில் யாசீனைப் போட்டுத் தலையணையருகே வைத்துவிட்டு, வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பாதியில் ஓதல் நின்று, மழைக்கும் வெயிலுக்கும் மங்காத சுவர் பற்றி ஓர் ஆண்குரல் உற்சாகமாகப் பேசத் தொடங்கியது. ஓடிப்போய் விளம்பரத்தைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றிருந்தது.

அம்மாவின் காதில் கடைசியாக விழுந்தது எது? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் ஓதவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் எட்டு மாதக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எட்டு மாதம் முன்பு ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பையில் கட்டி என்றார். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, உடனே சேர்ந்துகொள்ளுங்கள் என்றார். ஒரு வாரம் படுக்க வேண்டுமாம். படுத்தால் அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் யார் புரட்டிப் போடுவார்கள்? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாள். அடுத்த மாதம் அதற்கடுத்த மாதமாயிற்று. மாதத்தில் ஐந்து நாள் என்பது பத்தாகி, இந்தத் தடவை இன்றோடு பத்தொன்பது.

அண்ணன் நசீர் ஒன்பது மணிக்கு வந்தான். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன்; எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் நின்றிருந்தவன் லாரியை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தான். அம்மாவின் காலடியில் தலையை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. வெள்ளிக்கு வெள்ளி ஜுமுஆ தொழுகை முடிந்து வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, "ஹெட் நர்ஸ் இன்னா சொல்றாங்க?" என்று தங்கையைக் கிண்டல் செய்துவிட்டுப் போகிறவன். கெட்டவனில்லை. எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பியவன்.

அவன் மனைவி ஜெரினா, தஸ்னீமின் மச்சி, மீஞ்சூரிலிருந்து ரயிலேறி வந்தாள். வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆள் ஆளுக்கு வேலை சொன்னாள்.

"தண்ணி புடிச்சாச்சா? ரெண்டு டிரம்மு எப்டி பத்தும்? மெர்லின், உங்க வூட்லயும் ரெண்டு கொடம் ரொப்பி வைங்க. தஸ்னீமு, நீ ஒண்ணியும் தொடாத, உக்காரு. ஒங்கம்மாவுக்கு நீ ஒருத்தி செஞ்சாதானே புடிக்கும். நா கஞ்சி ஊட்டுனா வாயத் தொறக்க மாட்டாங்களே."

கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் பிசிறியது.

பத்து மணிக்கு நவ்ரீனின் ஸ்கூட்டி கீழே வந்து நின்றது. தெருமுனையில் ஜாக்கெட் தைக்கிற பெண். முப்பது வயதுதான் இருக்கும். பள்ளிவாசல் பெண்கள் வகுப்பில் மையத்தை, இறந்தவரின் உடலை, குளிப்பாட்டக் கற்றுக்கொண்டவள். மையத்துக்குச் சுற்றும் கஃபன் துணியை உதறி, அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். டேப் வைக்காமலேயே கத்திரியை ஓட்டினாள். பள்ளிவாசலிலிருந்து வந்த பலகையை ஹாலில் போட்டு, சுற்றிலும் போர்வைகளைக் கட்டி மறைத்தார்கள். இலந்தை இலை கொதித்த வாசனை எழுந்தது.

"மூணு பேரு போதும்," என்றாள் நவ்ரீன், கையுறையை மாட்டிக்கொண்டே. "மவளுக்குத்தான் மொத உரிமை. வாங்கக்கா. மத்தவங்க, சுத்தமா கீறவங்க மட்டும் உள்ள வாங்க."

தஸ்னீமின் கால் போர்வையின் விளிம்பில் நின்றது.

யாருக்குத் தெரியப்போகிறது? ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். மூன்று வருஷமாக இந்த உடம்பைக் கழுவியவள் அவள்; எந்த மூட்டு வலிக்கும், எந்தப் பக்கம் கூசும் என்று அவளுக்குத்தான் தெரியும். கடைசித் தண்ணீரை மட்டும் இன்னொருத்தி ஊற்றுவதா? ஆனால் பொய்யோடு தொட்ட கையால் அம்மாவை அனுப்பி வைக்க அவளால் முடியவில்லை.

"நீங்க ஆரம்பிங்க," என்றாள்.

"இன்னாடி இது கூத்து?" என்றாள் ஜெரினா. "மூணு வருஷம் கழுவிட்டு இன்னிக்கி மட்டும் இன்னா வந்துச்சு?"

தஸ்னீம் தரையைப் பார்த்தாள். நவ்ரீன் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்தாள். காதருகே குனிந்தாள்.

"எத்தினி நாளுக்கா?"

"பத்தொம்போது."

"எத்தினி?"

"இன்னியோட பத்தொம்போது."

நவ்ரீன் நிமிர்ந்தாள். இப்போது அவள் காதோடு பேசவில்லை.

"பதினஞ்சைத் தாண்டுனா அது மாசப்போக்கு கெடையாதுக்கா. அது சீக்கு. சீக்குக்குத் தடை இல்ல. குளிச்சிட்டு, மூஞ்சி கை கால் கழுவி ஒளு எடுத்துகினு தொழுவலாம், ஓதலாம், அம்மாவ குளிப்பாட்டலாம். யாரும் சொல்லிக் குடுக்கலியா?"

"நா யாரையும் கேக்கல."

"இத்தினி நாளு தொழுவாமயா இருந்தீங்க?"

தஸ்னீம் தலையசைத்தாள். காலையில் வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அந்தக் கால் மணி நேரத்தை நினைத்ததும் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே ஏழெட்டு அடிதான். அதைக் கடந்திருக்கலாம். கடக்கலாம் என்பது தெரியாமல் நின்றிருக்கிறாள்.

"அழுவாதீங்க. மையத்த இன்னும் எடுக்கலியே," என்றாள் நவ்ரீன். "போயி குளிச்சி, ஒளு எடுத்துகினு வாங்க. நா காத்துகினு கீறேன்."

ஜெரினா கையிலிருந்த மக்கைத் தஸ்னீமுக்கென்று பலகை ஓரத்தில் வைத்தாள்.

வெள்ளைத் துணிக்கடியில் கைவிட்டுக் கழுவினார்கள். தஸ்னீம் ஊற்ற, நவ்ரீன் தேய்க்க, ஜெரினா தாங்கிப் பிடித்தாள். அம்மாவை இடப்பக்கமாகச் சாய்த்தபோது நவ்ரீனின் கை நின்றது. முதுகை, இடுப்பெலும்பை, குதிகாலைத் தடவிப் பார்த்தாள்.

"எத்தினி வருஷம் படுக்கைல இருந்தாங்க?"

"மூணு," என்றாள் ஜெரினா.

"பதினாலு மையத்து குளிப்பாட்டிக்கீறேன். மூணு மாசம் படுத்தவங்க முதுவே புண்ணு வச்சி, என்னால பாக்க முடியாது. இங்க பாருங்க, ஒரு கீறல் இல்ல. கொயந்த முதுவு மாரி கீது."

ஜெரினா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தினி மாசமா இந்த ஒடம்போட கீறே?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"எட்டு."

"எங்கிட்டயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா ஆஸ்பத்திரில சேருன்னுவீங்க மச்சி. அம்மா உங்ககிட்ட சாப்புட மாட்டாங்களே."

"பட்டினி கெடந்தா ரெண்டாம் நாளு தானா தொறந்திருப்பாங்க வாய," என்று சீறினாள் ஜெரினா. அவள் கண்ணிலிருந்து வழிந்தது மூக்கு நுனியில் தொங்கியது. மையத்தின் மேல் விழாமல் அவசரமாகத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

தஸ்னீம் அம்மாவின் இடது கையை எடுத்துக் கழுவினாள். அசைந்துகொண்டிருந்த ஒரே கை. தண்ணீர் கேட்பதும் வேண்டாம் என்பதும் கோபித்துக்கொள்வதும் அந்தக் கைதான். போன வாரம் கஞ்சி ஊட்டும்போது அது மெதுவாக உயர்ந்து, தஸ்னீமின் கன்னத்தில் பதிந்து, கட்டைவிரலால் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தது. கண்ணில் ஏதோ தூசு என்று நினைத்து அவள் துடைத்துக்கொண்டாள். கை மறுபடியும் வந்து மறுபடியும் இமையை இழுத்தது. அதன் பிறகு அம்மா வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுக்கத் திறக்கவேயில்லை.

பிரசவ வார்டில் முப்பது வருஷம் பெண்களின் கண்ணைப் பார்த்த கை அது. இமைக்குள் வெளுத்திருந்தால் ரத்தம் இல்லை என்று, டாக்டர் வருவதற்கு முன்பே சொல்லிவிடும் கை.

தஸ்னீம் அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். ஒரு தரம் முடிந்ததும் இன்னொரு தரம் கழுவினாள். நவ்ரீன் அவசரப்படுத்தவில்லை.

தலைமுடியைப் பின்னிவிட்டு, கஃபன் சுற்றி, கற்பூரம் வைத்து, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். தஸ்னீம் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் ஓதத் தொடங்கியதும் ஹாலில் பேச்சு அடங்கியது. யாசீன் ஓதி முடிக்க அவளுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. நடுவில் மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்தி ஓதினாள். மெர்லின் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். படிக்கட்டு குறுகலானது, திருப்பங்களில் நிமிர்த்தி இறக்க வேண்டியிருந்தது. ஆண்களின் கலிமா சத்தம் மாடி மாடியாக இறங்கி, தெருவில் லாரிகளின் ஹாரனுக்குள் போய்க் கலந்தது.

மாலை அசர் பாங்கு சொல்லும்போது நசீர் கபர்ஸ்தானில் அடக்கம் முடித்துத் திரும்பினான். வாசலிலேயே ஜெரினா அவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவள் பேசும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் சத்தமே கேட்கவில்லை. வெளியே வந்தவன் காலில் மண்ணோடு தங்கையின் எதிரில் தரையில் உட்கார்ந்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் கைலியின் ஓரத்தை முறுக்கினான்.

"காலைல ஏழு மணிக்கு ரெடியா இரு, பாப்பா."

"எங்கண்ணே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"மூணாம் நாளு ஃபாத்திஹா கீது. வூட்டுக்கு ஆளுங்க வந்துகினே இருப்பாங்க. நா இல்லைன்னா இன்னா நெனைப்பாங்க?"

"வர்றவங்களுக்கு டீ போட எனக்கு கை கீது," என்று உள்ளேயிருந்து ஜெரினா கத்தினாள். "ஃபாத்திஹா ஓத பள்ளிவாசல் அஜரத்து கீறாரு. ரத்தம் ஏத்திக்கத்தான் நீ போவணும், அதுக்கு நா போவ முடியாது."

மறுநாள் காலை, அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவில் பெஞ்சு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். பழைய ஸ்கேன் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா தஸ்னீமைத் திட்டத் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டு, அட்மிஷன் என்று எழுதினார். நர்ஸ் சீட்டை வாங்கிக்கொண்டு கதவருகே வந்தாள்.

"தஸ்னீம் கூட யாரு வந்துக்கீறது?"

அம்மாவோடு வந்தவள் என்று கைதூக்கிய மூன்று வருஷப் பழக்கத்தில் தஸ்னீமின் கை பாதிவரை எழும்பிவிட்டது. பெஞ்சில் பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். தஸ்னீமுக்கும் சிரிப்பு வந்தது. கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே கூட்டத்தின் பின்வரிசையில், தங்கையின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்தபடி நசீர் கையைத் தூக்கியிருந்தான். நர்ஸ் பார்த்துவிட்டாள், சீட்டில் எழுதியும்விட்டாள். அவன் இன்னும் கையை இறக்கவில்லை.