பூஜையில் வைத்த ஃபைல்

கிளியம்மாள் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். மறைமலை நகரில் எங்கள் தொழிற்சாலையின் பேக்கிங் லைனில் தற்காலிக வேலை அவளுக்கு. இரண்டு வருஷத்துக்குள் நானூற்றெண்பது நாள் சேர்ந்தால் நிரந்தரம். குறைந்தால் பிரேக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டு வருஷம் அன்றோடு முடிகிறது.

"மெர்சிம்மா, போர்டுல நானூத்தி எழுபத்தேழுன்னு போட்டுகீது. நான் தெனம் காலண்டர்ல கோடு போட்டுகினு வரேன். நேத்தோட நானூத்தி எண்பது."

அவள் கணக்குதான் சரி. ஆபீசுக்கு ஆயுத பூஜைக்கு மூன்று நாள் விடுமுறை, பேக்கிங்குக்கு இல்லை. அந்த மூன்று நாள் வருகையையும் முந்தின சாயங்காலம் லீவென்றும் பாராமல் வந்து கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து ஏற்றியவள் நான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

டைம் ஆபீசுக்குப் போனேன். டெர்மினலில் வைத்த சந்தனத்தை வருகைக் கணக்கு பார்க்கும் கிளார்க் அப்பாவு துடைத்துக்கொண்டிருந்தார்.

"வருகை ஃபைலைத் தொட்டீங்களாண்ணே?"

"புதுசா இன்னாத்த தொட்றது? பூஜைக்கு முன்னாடி தொறந்தது. பூஜையில வச்சத மூடக் கூடாதுன்னு அப்படியே வுட்டேன். காலையில ஒரே ஒரு லீவை அடிச்சி சேவ் பண்ணேன். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! எங்கள் மெயின்ஃபிரேமில் ஃபைலைத் திறந்தால் முழு நகல் திரைக்கு வரும். சேவ் பண்ணினால் அந்த நகல் பழையதன் மேல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். நடுவில் வேறு யார் என்ன ஏற்றியிருந்தாலும் போச்சு. பூட்டும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. நாலு டெர்மினல், ஒரே ஃபைல். மேனேஜர் தணிகாசலத்திடம் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். "தொறக்கும்போது ஒருத்தருக்கொருத்தர் கொரல் குடுங்க" என்றார். இரண்டு கட்டடத்துக்கு நடுவே லாரி உறுமுகிறது, யார் காதில் விழும்?

மறுபடி அவரிடமே போய் நின்றேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா? டிகிரி வாங்கிட்டா எல்லாம் தெரியுமா?"

"பொய் சொல்லாது சார். கடைசியா சொன்னவங்க சொன்னதச் சொல்லும். கடைசியா சொன்னது அப்பாவு அண்ணன்."

"அப்போ திரும்ப ஏத்து. மூணு மணிக்கு நிரந்தரப் பட்டியல் ஹெட் ஆபீசுக்குப் போவுது. அப்ப இன்னா இருக்கோ அதான்."

மணி பதினொன்று. டைம் கார்டு கட்டுகளை அள்ளிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் அறையைத் திறந்தேன். கேன்டீன் கோதண்டம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கணக்கு ஏற்ற இதே ஃபைலைத் திறப்பார். சொன்னால் கேட்பாரா? மற்ற மூன்று டெர்மினல்களின் வயர்களையும் மெயின்ஃபிரேம் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். கதவை உள்பக்கம் தாழிட்டேன்.

பன்னிரண்டே காலுக்குத் தட்ட ஆரம்பித்தார்கள். திறக்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்குப் பட்டியல் அச்சாகி வந்தது. கிளியம்மாள், நானூற்றெண்பது. கதவைத் திறந்தேன்.

"மூணு ஸ்கிரீனும் செத்துகீது! யாரு புடுங்குனது?" தணிகாசலத்துக்கு முகம் சிவந்திருந்தது.

"நான்தான். கையெழுத்துப் போடுங்க சார், சொருகிடறேன்."

கடிகாரத்தைப் பார்த்தார். போட்டார்.

"நாளைக்கு ஒனக்கு மெமோ."

"குடுங்க. கம்ப்யூட்டர்ல அடிக்காதீங்க, கையால எழுதுங்க. அதுவாச்சும் அழியாம இருக்கட்டும்."