அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம்

எங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கு. மெஷின் எல்லாத்தையும் அந்தச் சுவர்லயே பதிச்சிருக்காங்க. இந்தப் பக்கம் கதவைத் திறந்து அழுக்குத் துணியைப் போடணும். துவைச்சு முடிஞ்சதும் அந்தப் பக்கக் கதவைத் திறந்து வேற ஆளுங்க எடுப்பாங்க. போடறவங்க எடுக்கக் கூடாது, எடுக்கறவங்க போடக் கூடாது. நான் அழுக்குப் பக்கம், எங்க வீட்டுக்காரர் சுத்தப் பக்கம். உங்க குடும்பமே அப்படித்தானே ஓடுதுன்னு என்கூட வேலை பார்க்கற மொட்டை கிண்டல் பண்ணுவான். நான் கொட்டித் தீர்ப்பேனாம், இவரு மடிச்சு வைப்பாராம்.

ஊர்ல தொத்து நோய் பரவினதும் கிண்டல் எல்லாம் அடங்கிப்போச்சு. அழுக்குப் பக்கத்து ஆளுங்க யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. பின்னாடி இருந்த ஒரு ரூம்ல எங்களைத் தங்க வெச்சாங்க. சுத்தப் பக்கத்து ஆளுங்க மட்டும் சாயங்காலமானா கையை வீசிக்கிட்டுக் கிளம்பிப் போவாங்க. எங்க பாப்பாவை இவரும் நாத்தனாரும் பார்த்துக்கிட்டாங்க. நாத்தனார் நல்லவங்கதான். ஆனா போன்ல என் மூஞ்சியைப் பார்த்ததும் பாப்பா போய் அத்தை மடியில ஒளிஞ்சுக்கும். எனக்கு வயிறு எரியும். அதை ஏன் மறைக்கணும்?

அந்த எரிச்சல்லதான் ஒருநாள் கிழிஞ்ச தலையணை உறையை வெச்சு ஒரு பொம்மை தைச்சேன். உள்ளே கிழிசல் துணியைத் திணிச்சு, கண்ணுக்குக் கறுப்பு நூல் போட்டேன். ஒரு உறைக்குள்ள வெச்சு முடிச்சுப் போட்டு, மத்த துணியோட மெஷின்ல தள்ளிட்டேன். நம்ம மெஷின் தண்ணி கொதிக்கற கொதியில எந்தக் கிருமியும் தப்பாது. சுவர்ல ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. இவரு அது வழியா பொம்மையைத் தூக்கிக் காட்டினாரு. மறுநாள் அதே ஜன்னல்கிட்ட போனைக் காதுல வெச்சுக்கிட்டு, பாப்பா அதுக்குக் குண்டு அத்தைன்னு பேர் வெச்சதையும், அதைக் கேட்டுத் தன் அக்கா மூஞ்சி போன போக்கையும் நடிச்சே காட்டினாரு. அன்னிக்குத்தான் நான் வயிறு நிறைய சாப்பிட்டேன். அப்புறம் என்ன, குண்டு அத்தைக்குக் கூடப்பிறந்தவங்க வரிசையா பொறக்க ஆரம்பிச்சாங்க.

இதுல கொடுமை என்னன்னா, சுத்தம்னு பேர் வெச்சதும் அந்தப் பக்கத்து ஆளுங்க நிஜமாவே தங்களை நோய் தொடாதுன்னு நம்பிட்டாங்க. அழுக்குத் துணியில கை வைக்கற நாங்க தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு வெந்து சாகறோம். அங்க மாஸ்க் தாடைக்குக் கீழ தொங்குது. ஒரே மேஜையைச் சுத்தி உட்கார்ந்து, ஒருத்தர் டப்பாவுல இன்னொருத்தர் கை வைக்கறாங்க. ஜன்னலைத் தட்டி, மூக்கை மூடுங்கன்னு கையைக் காட்டுவேன். இவரு துவைச்ச துணியைக் காட்டிச் சிரிப்பாரு. இங்க எல்லாம் வெந்து வந்தது, நீ பேசாம வேலையைப் பாருங்கற மாதிரி.

துணி வெந்துதான் வந்துச்சு. ஆளுங்க வேகலையே.

ஒருத்தருக்கு இருமல் வந்துச்சு. அந்த வாரமே அந்தப் பக்கம் பூரா படுத்துடுச்சு. அழுக்குல நின்ன எங்கள்ல ஒருத்தருக்குத் தும்மல்கூட இல்ல. இவரை மூணாவது மாடியில சேர்த்தாங்க. கிளம்பறப்போ பாப்பா, அப்பாவுக்குத் துணைக்குன்னு குண்டு அத்தையை அவர் பையில வெச்சு அனுப்பிச்சாளாம், நாத்தனார் போன்ல சொல்லி அழுதாங்க. நானும் அழுதேன். கல்யாணமான நாள்லேர்ந்து நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா அழுதது அன்னிக்குத்தான்.

என் தலைக்கு மேல மூணு மாடி தள்ளிப் படுத்திருக்காரு, நான் போய்ப் பார்க்க முடியாது. சுத்தப் பக்கத்துக்குத் தோட்டக்காரர் ஒருத்தரைத் தற்காலிகமா போட்டாங்க. பாவம், செடிக்குத் தண்ணி ஊத்தற மனுஷன் போர்வை மடிக்கத் திணறுவாரு. மூணாவது மாடித் துணி வந்தா நானே பிரிக்கறேன்னு மொட்டைகிட்ட சொல்லி வெச்சேன். அவர் படுத்த விரிப்பாவது என் கைக்கு வருதேன்னு ஒரு அல்பத் திருப்தி. வார்டுத் துணி நீலப் பையில வரும். ஆள் போயிட்டா, அந்தக் கட்டில் துணி சிவப்புப் பையில வரும். அது எங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல.

அன்னிக்குக் காலையில மூணாவது மாடியிலேர்ந்து ஒரே ஒரு சிவப்புப் பை வந்துச்சு. பிரிச்சு உதறினேன். தலையணை உறைக்குள்ளேர்ந்து குண்டு அத்தை விழுந்துச்சு.

நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். மொட்டை ஓடி வந்து பார்த்தான், பொம்மையைப் பார்த்தான். வார்டுக்குப் போன் மேல போன் போட்டான். யாரும் எடுக்கல. அந்த மேஜையில உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷனை நினைச்சு எனக்கு அப்படி ஒரு கோபம். அழுகையைவிட அதுதான் முன்னால வந்துச்சு. பாப்பாகிட்ட என்ன சொல்வேன், நாத்தனார் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு நினைக்கறப்போ என் போன் அடிச்சுது. தெரியாத நம்பர்.

"சாப்பிட்டியா?"ன்னு கேட்டாரு.

இவருதான். நர்ஸம்மா போன்லேர்ந்து, மூச்சு வாங்கி வாங்கி. என் வாயில வந்த வசவை எல்லாம் இங்க சொல்ல முடியாது. முடிக்கற வரைக்கும் பொறுமையா கேட்டுக்கிட்டு, அப்புறம் சொன்னாரு. பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவர், பஸ் ஓட்டினவராம். அவர் பொண்ணு தினம் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்குது, உள்ளே விடல. அவரு பொண்ணு பேரைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்காரு.

"உங்க பொண்ணு கொடுத்தனுப்பிச்சான்னு சொல்லி பொம்மையைக் குடுத்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினாரு. காலையில எந்திரிக்கல."

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. என் வீட்டுக்காரர் இல்ல, வேற யாரோன்னு உடம்பெல்லாம் லேசாச்சு. அடுத்த நிமிஷமே சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியான்னு தோணுச்சு. வாசல்ல ஒருத்தி நிக்கறாளே.

பொம்மையை மெஷின்ல போட்டேன். தோட்டக்காரருக்குப் போன் பண்ணி, பொம்மை அந்தப் பக்கம் வெளிய வந்ததும் வாசல்ல இருக்கற பஸ்காரர் பொண்ணுகிட்ட கொடுத்துடுங்கன்னு கேட்டுக்கிட்டேன். இறந்தவங்க பொருள் எதையும் வெளிய தரக் கூடாதுன்னு உத்தரவு. இது பொருளா என்ன, சலவைத் துணி. மத்தியானம் அவரே கூப்பிட்டாரு. கடைசியில அப்பா கையில இருந்ததுன்னு சொல்லிக் கொடுத்தாராம். அந்தப் பொண்ணு பொம்மையை மூக்குல வெச்சு மோந்து பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னுச்சாம்.

என்ன இருந்திருக்கும் அதுல? சோப்பு வாசனைதான். அந்தக் கொதியில கிருமியோட சேர்ந்து அவ அப்பாவும் போயிருப்பாரு. போடறப்போ எனக்கு அது தோணல. தோணியிருந்தாலும் வேற வழி இல்ல.

சாயங்காலம் இவரு திரும்பக் கூப்பிட்டாரு. குரல் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு. பொம்மை போனதைப் பாப்பாகிட்ட சொல்லாதேன்னாரு. சரின்னேன். இன்னும் என்னமோ சொல்ல வந்து தயங்கினாரு.

"இன்னொண்ணு தைச்சு, துவைச்ச துணியோட மேல அனுப்பறியா?"

"பாப்பாவுக்கா?"

"இல்ல. பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்தாச்சு."

அன்னிக்குப் பட்ட பாட்டுல என் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. ஊசியில நூல் கோர்க்கக் கண்ணு தெரியல, மொட்டைதான் கோர்த்துக் கொடுத்தான். வந்திருக்கறது ஆம்பளையா பொம்பளையான்னு இவருகிட்ட கேட்க மறந்துட்டேன். மீசையா பொட்டான்னு அப்புறம் பார்த்துக்கலாம்னு, கண்ணை மட்டும் முதல்ல தைச்சேன்.