துருவைச் சுற்றி நிற்பவர்கள்

நான் பாக்டீரியாவில் புரதமாக வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நிமிடம் ஆகிறது. ஓய்வு பெறும் வயதுதான். இரும்புக் கிடங்கில் எனக்குச் சுவர் வேலை. இருபத்து நான்கு பேர் கைகோத்து வட்டமாக நிற்கிறோம். நடுவில் இரண்டாயிரம் இரும்புத் துண்டுகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஒருவர் கையை விட்டாலும் எல்லாம் வெளியே கொட்டிவிடும். அதனால் விடக் கூடாது.

எங்கள் பாக்டீரியா ஒரு மனிதனின் குடலில் குடியிருக்கிறது. அவன் மகா கஞ்சன். இரும்பை எல்லாம் பூட்டி வைத்திருக்கிறான். தட்டுப்பாடு வந்தால் வீட்டுக்கு ஒருவர் வெளியே போய்ப் பறித்து வர வேண்டும்.

இந்த முறை என் அக்கா பூங்காவனத்தின் பெயர் வந்தது.

"இங்கயே ரெண்டாயிரம் கிடக்கே, எதுக்கு வெளிய அனுப்புறீங்க?" என்று வாசல் குமாஸ்தா குபேந்திரனிடம் கேட்டேன்.

"எடுக்க ஆர்டர் வேணும் சார்."

"யார் போடணும்?"

"ஆபீசர்தான். ஆனா கையில இரும்பு இல்லாம அவர் நாற்காலியில உக்கார முடியாது. நின்னுக்கிட்டுப் போட்ட கையெழுத்து செல்லாது."

எட்டிப் பார்த்தேன். ஆபீசர் தெய்வசிகாமணி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"கையை விட்றாதடா, வேலை போயிடும்," என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினாள். நான் விடவில்லை. அப்போது வேலைதான் பெரிதாகத் தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள் நடக்க நடக்க நடைபாதை நீண்டது. கடைசியில் அவள் ஒரு புள்ளியானாள்.

இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள். ஒரு துண்டு இரும்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கொண்டாந்துட்டேண்டா!" முகமெல்லாம் சிரிப்பு.

குபேந்திரன் கத்தரிக்கோலை எடுத்தார். "பிடி இறுகிடுச்சும்மா. உன்னை வெட்டித்தான் எடுக்கணும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"வலிக்குமா?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லம்மா."

அக்காவை மூன்றாக வெட்டினார்கள். அவள் கடைசிவரை என்னையே பார்த்தாள். நான் கைகோத்து நின்றேன்.

இரும்பை ஆபீசர் கையில் கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்தார். 'இரும்பு போதும். இனி யாரும் போக வேண்டாம்' என்று ஆர்டர் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். சுவர்களுக்குத் தட்ட வசதியில்லை.

பிறகு விதிப்படி அந்தத் துண்டைக் கிடங்குக்கு அனுப்பினார். அது என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. என் கண்ணெதிரே துருப்பிடித்தது.

கை காலியானதால் ஆபீசர் எழுந்து நின்றார். ஆர்டர் செல்லாமல் போயிற்று.

குபேந்திரன் அடுத்த பெயரை வாசித்தார். என் இடப்பக்கம் சுவராக நிற்கும் எத்திராஜின் மகள்.

எத்திராஜ் என் கையிலிருந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவப் பார்த்தார்.

"விடுப்பா. கொட்டட்டும். என் பொண்ணு போக வேணாம்."

உள்ளே என் அக்காவின் துண்டு கிடந்தது. அதை யாருக்கோ அள்ளிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வேலை போயிடும் சார்," என்றேன். அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.