சின்ன மாப்பிள்ளையின் ரோபோ

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இரண்டு பேருமே சர்ஜன்கள், அதுவும் ஒரே ஆஸ்பத்திரியில். பெரிய மாப்பிள்ளைக்குக் கீழ்த்தளத்தில் விபத்துப் பிரிவு. லாரிக்கு அடியில் சிக்கியவன், சாரத்திலிருந்து விழுந்தவன், கத்திக்குத்து வாங்கியவன் என்று யார் வந்தாலும் அவரிடம்தான் வந்தாக வேண்டும். ஸ்கேன் எடுக்கக்கூட நேரமில்லாத வயிற்றைத் திறந்து, ரத்தத்துக்குள் கையை விட்டு, கிழிந்த இடத்தை விரலாலேயே தேடிப் பிடித்து நிறுத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

சின்ன மாப்பிள்ளைக்கு மேல்மாடி. ஆஸ்பத்திரி ஆபரேஷன் செய்யும் ரோபோ வாங்கியபோது பயிற்சிக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் வாசலில் அவன் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். தினமும் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் பெரியவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. "வீடியோ கேம் ஆடுறவனுக்கெல்லாம் போஸ்டரு" என்று நர்ஸுகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

மாமனாருக்குக் குடலில் கட்டி என்று தெரிந்ததும் குடும்பமே ஹாலில் கூடி உட்கார்ந்தது.

"கவலைப்படாதீங்க மாமா. நானே பண்ணிடுறேன்" என்றார் பெரியவர்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "அதில்ல மாப்ள... சின்னவரு மெஷின்ல பண்றாராமே. சின்னச் சின்ன ஓட்டைதானாம், சீக்கிரம் எழுந்து நடக்கலாமாம். நீங்க பாக்குறதெல்லாம் அடிபட்ட கேஸு. அந்த அவசரத்துல கிழிக்கிற மாதிரி..." முடிக்காமல் வாயை மூடிக்கொண்டார்.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அவளோ, "அப்பா இஷ்டப்படியே நடக்கட்டுமேங்க" என்று தங்கைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சின்னவன் கிட்டே வந்தான். "அண்ணா, நீங்களும் தியேட்டர்ல இருங்க. எனக்குத் தைரியமா இருக்கும்."

ஒப்புக்குச் சொல்கிறான் என்றுதான் பெரியவருக்குப் பட்டது.

ஆபரேஷன் அன்று ரோபோ தன் கைகளை மாமனார்மேல் விரித்துக்கொண்டு நின்றது. சின்னவன் தள்ளி ஒரு மூலையில், அதை இயக்கும் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்து, விரல்களால் அந்தக் கைகளை ஆட்டிவைத்தான். பெரியவர் சுவர்த் திரையைப் பார்த்தார். அவன் சவ்வு சவ்வாகப் பிரித்துக்கொண்டு போனான். சொட்டு ரத்தம் இல்லை. காலமெல்லாம் ரத்தத்துக்குள் தடவித் தடவியே வேலை செய்தவருக்கு, உடம்புக்குள் இத்தனை சுத்தமாக, இத்தனை அருகில் பார்க்க முடியும் என்பதே பொறுக்கவில்லை. எங்கேயாவது சறுக்க மாட்டானா என்று மனசு ஓரமாகக் காத்திருந்தது.

திடீரென்று திரை சிவந்தது.

"அண்ணா! கை கழுவிட்டு வாங்க. வயித்தைத் திறக்க வேண்டி வரலாம்!"

பெரியவர் பாய்ந்து வெளியே போனார். குழாயைத் திருகி முழங்கை வரை தேய்த்துக் கழுவும்போதுதான் தன்னையே கவனித்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே ரத்தம் கொட்டுவது பெண் கொடுத்த மனுஷனுக்கு. அப்படியும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கவுன் மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது திரை தெளிந்திருந்தது.

"நின்னுடுச்சுண்ணா. தையல் போட்டுட்டேன்" என்றான் சின்னவன், தலையை எடுக்காமலே.

கையுறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, வேலை முடியும் வரை பெரியவர் சும்மா நின்றார்.

மாமனார் சொன்னபடியே சீக்கிரம் எழுந்து நடந்தார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, கொசு கடிச்ச மாதிரி" என்றார். ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய பெரியவர், சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் சொன்னார்:

"உங்கப்பாவுக்கு ரத்தம் வந்தப்போ நான் சந்தோஷப்பட்டேன்."

அவள் கழுவிக்கொண்டிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து முடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இப்படிப் பொசுங்கிட்டே இருக்கறதுக்கு, நீங்களும் போய் அதைக் கத்துக்கிட்டா என்ன? கிரீடம் இறங்கிடுமா?"

அடுத்த வாரமே மேல்மாடிக்குப் போனார். பயிற்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தைக்க முயன்றால் நூல் அறுந்தது. மறுபடி கோத்தார், மறுபடி அறுந்தது.

"என்னடா இது, இழுக்கிறது கையில தெரியவே மாட்டேங்குது!"

"தெரியாதுண்ணா. கண்ணால பாத்துதான் புரிஞ்சுக்கணும்." சின்னவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அன்னைக்கு எனக்கும் ஒண்ணுமே தெரியல. ரத்தம் எங்கேருந்து வருதுன்னே புரியல. குழாயில நீங்க கை கழுவுற சத்தம் கேட்டுதா, அப்பதான் உயிரே வந்துச்சு. சரி, அண்ணன் இருக்காரு, பாத்துக்கலாம்னு தைச்சேன்."

அந்தக் குழாயடியில் தான் என்ன நினைத்தோம் என்பதைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தார்.

"வேற நூல் கொடு" என்றார்.

இப்போது குடலிறக்கம், பித்தப்பை எல்லாம் பெரியவரும் ரோபோவில் செய்கிறார். விபத்துப் பிரிவையும் விடவில்லை. சின்னவனுக்கு ஆவதைப் போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. யாரும் சொல்லிக் காட்டுவதில்லை. முடிந்ததும் அவரே சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறார், முகம் சுண்டிப்போகிறது.