சாமான் அறைக்குள் சூரியன்

"இன்னும் இருபது நிமிசம்தான் கிடக்கு. கண்ணாடி எங்கையடா?"

அனோஜன் கையை விரித்தான். "இன்சாப் கொண்டு ஓடிட்டான்."

யதுர்ஷிகாவுக்கு அழுகை முட்டியது. 2004 யூன் எட்டு. வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. வானத்தை அண்ணாந்து பார்க்காமல், கடைசி மணிக்குள் அதைச் சுவரில் விழுத்திக் காட்ட வேண்டும். காட்டாத குழுவுக்கு மார்க்ஸ் இல்லை. அன்னபாக்கியம் ரீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

குழுவில் மூன்று பேர். சாமான் அறை யன்னலைச் சாக்கால் மூடியதும் சுவரில் தாள் ஒட்டியதும் அவள் ஒருத்திதான். அனோஜன் பசையைக்கூட மறந்து வந்தான். போன வருடம் புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு சொந்த ஊரான தண்ணீரூற்றுக்குத் திரும்பிய இன்சாப், ஒரு நாளாவது ஓரிடத்தில் நின்றதில்லை. அவன் கொண்டு ஓடியது, முகம் பார்க்கும் கண்ணாடியின் நகமளவு மூன்று மூலைத் துண்டு. வாசலில் பிடித்தால் மூன்று மூலை வெளிச்சம். காலையிலிருந்து அவ்வளவுதான்.

திடீரென்று அவள் முகத்தில் வெளிச்சம் அறைந்தது.

மைதானத்தின் அந்தக் கரையில், கிணற்றடியில், இன்சாப் சிரித்தான்.

"விசரா! கண்ணுக்கை அடிக்காதை!" அவள் குனிந்தாள்.

"யது..." அனோஜனின் குரல் மாறியிருந்தது. "திரும்பிப் பார்."

தாளில் ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டளவு, சுத்தமான வட்டம். ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.

"ஊத்தையடி." அனோஜன் விரலால் துடைத்தான். பொட்டு அவன் நகத்தில் ஏறி நின்றது.

யதுர்ஷிகாவுக்குப் புரிந்தது: அவ்வளவு தூரத்திலிருந்து வந்து விழுந்தது கண்ணாடியின் வடிவம் இல்லை, சூரியன்; பொட்டுத்தான் வெள்ளி. வாசலுக்கு ஓடினாள். "இன்சாப்! ஆடாதை! அப்பிடியே நில்லு!"

என்ன அதிசயமோ, நின்றான். கையைக் கிணற்றுக்கட்டில் ஊன்றி, அசையாமல்.

சத்தம் கேட்டு வந்த ரீச்சர் தாளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"எங்கட பூமியளவு பெரிசு உந்தப் பொட்டு," என்றார், மெதுவாக. "உங்கட குழுவுக்கு முழு மார்க்ஸ்."

யதுர்ஷிகா கிணற்றடிக்கு ஓடினாள். "தா. போய்ப் பார்."

"ஏன்? உன்னைப் பயங்காட்டத்தானே அடிச்சனான்..."

"வாயை மூடிக்கொண்டு போடா!"

போனான். அவள் கண்ணாடியைப் பிடித்தாள். அவனைப் போலவே கையைக் கிணற்றுக்கட்டில் ஊன்றினாள். இருட்டு வாசலுக்குள் இன்சாப் நுழைந்தான்.

கடைசி மணி அடித்தது. பள்ளிக்கூடம் முழுவதும் கலைந்து ஓடியது. அந்த அறையிலிருந்து மட்டும் ஒருவரும், இன்சாப்கூட, வெளியே வரவில்லை.

அவள் கையை இறக்கவில்லை.