மேரிசெல்வி கழுவாத டிஸ்ப்ளே

எதிர்வீட்டு அருண்ராஜ் உப்பளத்தில் மோட்டார் போடுகிற ஆள். படித்தது ஐடிஐ எலக்ட்ரீஷியன். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து விஞ்ஞானி ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு. போன மாதம் அவனுக்குக் கூரியரில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. வீட்டில் ஆள் இல்லாததால் வாங்கி வைத்தது நான். அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா? உள்ளங்கை அகலத்துக்கு ஆர்டுயினோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, இரண்டு வரி எழுத்து காட்டும் எல்சிடி டிஸ்ப்ளே, கலர் கலராக ஒயர்.

"வாய்க்கால்ல உப்புத்தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு இது எழுத்துல காட்டும்க்கா. குச்சி விட்டுப் பாக்குற வேலையே இல்ல," என்றான்.

மோட்டார் ஷெட்டிலேயே உட்கார்ந்து ஒயர்களை மாட்டினான். யாருடைய லேப்டாப்பிலோ புரோகிராமும் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மறுநாள் கோயில் பூசை முடிந்ததும் உப்பள மேஸ்திரி சுப்ராயன் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. மேஸ்திரியைச் சொன்னால் தெரு வராதா? வந்தது.

வாசலில் ஸ்டூல் போட்டு, போர்டை வைத்து, ஒயரைச் செருகினான். டிஸ்ப்ளே நீலமாக எரிந்தது. எழுத்து வரவில்லை. பிடுங்கிச் செருகினான். ஊதிப் பார்த்தான். நீலம்தான்.

"நைட் லாம்ப் மாதிரி நல்லாத்தாம்பா இருக்குது," என்றார் மேஸ்திரி.

அருண்ராஜுக்குக் காது வரைக்கும் சிவந்தது. நிமிர்ந்து பொண்டாட்டி மேரிசெல்வியைப் பார்த்தான்.

உப்பளத்துக்குப் போய்வந்த சாமான் எதுவானாலும் நல்ல தண்ணீரில் அலசித்தான் எங்கள் பக்கம் வீட்டுக்குள் எடுப்போம். இல்லாவிட்டால் உப்பு ஏறித் துருப்பிடித்துவிடும். மேரிசெல்வி இதில் எல்லாரையும் மிஞ்சியவள். சைக்கிள், டிபன் கேரியர், ஒருதரம் டார்ச் லைட்டையே முக்கி எடுத்தாள்.

"ஏய் மேரி! இதக் கழுவினியா?"

"இல்லீங்க. மேல உப்பு பூத்திருந்துச்சு, துணியால தொடச்சேன்."

"ஈரத்துணியா?"

அவள் யோசித்தாள். யோசித்திருக்கக் கூடாது.

"கழுவிட்டா! டார்ச் லைட்டக் கழுவினவதான இவ! அறிவுகெட்டத கட்டிக்கினு நான் எதக் கண்டுபுடிச்சி என்னா ஆவப் போவுது!"

தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். எல்லாரும் சிரித்தோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனவள்தான். அப்புறம் குழாயடிக்குக்கூட நாங்கள் எல்லாம் பிடித்து முடித்த பிறகு வெறும் குடத்தோடு வந்தாள். "என்னாடி, இன்னிக்கு எதக் கழுவின?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கேட்கத்தான் கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அவர்கள் ஜன்னலோரம் போனேன். அருண்ராஜ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஸ்டூல்மேல் அதே நீலம். பக்கத்தில் செல்போனில் வீடியோக்காரன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். முதல்தரம் பாதிக்குமேல் ஓட்டிவிட்டுப் பார்த்திருப்பான்போல, இப்போதுதான் முழுசாகக் கேட்கிறான். போர்டுப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. ஸ்க்ரூடிரைவரால் அதை மெல்லத் திருப்பினான். நீலத்துக்குள்ளிருந்து வெள்ளை எழுத்து ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது. எழுத்து அன்றைக்கும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிய வைக்கிற திருகைத்தான் இவன் திருப்பவில்லை.

துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தேன். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருகைப் பழையபடி திருப்பிவிட்டான். எழுத்து மறைந்தது.

அவன் பின்னால் டீ டம்ளரோடு மேரிசெல்வி நின்றிருந்தாள். பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். டம்ளரை ஸ்டூல்மேல் வைத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கறிவேப்பிலை கேட்காமலே திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை டிஸ்ப்ளே ஷெட்டில் வேலை செய்கிறது என்று தெருவெல்லாம் பேச்சு. சாயங்காலம் மேஸ்திரி அவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். மனிதருக்குச் சந்தோஷம். வாசற்படியில் நின்ற மேரிசெல்வியிடம் சொன்னார்:

"காஞ்சதும் உயிர் வந்துடுச்சாமே, உன் வூட்டுக்காரன் சொன்னான். இனிமே கரண்டு சாமானக் கழுவாத தாயி, இன்னா?"

அருண்ராஜ் சைக்கிள் செயினில் என்னவோ தேட ஆரம்பித்தான்.

மேரிசெல்வி மேஸ்திரியைப் பார்த்தாள். "சரிங்க. இனிமே கழுவல," என்றாள்.

கத்தியிருந்தால்கூட அவன் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான். அவள் செய்யாத தப்பை, அவனுக்காக, அவன் எதிரிலேயே ஒத்துக்கொண்டாள். செயினைப் பிடித்த கை நின்றுவிட்டது. எண்ணெய்க் கையோடு எழுந்தான். முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

"அவ கழுவல மேஸ்திரி," என்று முனகினான்.

"என்னாப்பா?"

"அவ ஒண்ணும் பண்ணல. நான்தான்... ஒரு ஸ்க்ரூ திருப்பணும். திருப்பல. அன்னிக்கு வரைக்கும் எழுத்து வந்து நானே பாத்தது இல்ல."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அப்ப காஞ்சதுன்னியே?"

"பொய்."

அதோடு உள்ளே போய்விடப் பார்த்தான். மேரிசெல்வி வாசற்படியை விட்டு நகரவில்லை.

"அன்னிக்கு தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு," என்றாள். "இது எனக்கே சரியாக் கேக்கல."

அருண்ராஜ் தெருவைப் பார்த்தான். தெரு என்றால் நான், துணி மடித்துக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி, இன்னும் நாலைந்து பேர். யாரும் உள்ளே போகிற உத்தேசத்தில் இல்லை.

தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து சொன்னான்.